டீசன்ட்டான பொண்ணு

பக்கத்து நாற்காலிக்காரிக்கு,

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் கேட்டில் அட்டை தொங்கியது. வீடு வாடகைக்கு என்று மேலே பெரிதாக எழுதி, அதற்குக் கீழே ‘டீசன்ட் ஃபேமிலி மட்டும்’ என்று சிவப்பு மையில் போட்டிருந்தார்கள். மற்ற எழுத்தெல்லாம் கோணல் மாணல். அந்த ஒரு வரியை மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நிதானமாக எழுதியிருந்தார்கள். நான் நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, “வூடு பாக்கணுங்களா?” என்றார். “இல்லீங்க, சும்மா படிச்சேன்” என்றேன். என் காதிலும் மூக்கிலும் கிடப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நீங்கன்னா தாராளமா உள்ள வந்து பாருங்க” என்றார். உனக்கு இதைச் சொல்லவேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

பெரம்பலூரில்தான் இருக்கிறேன் இப்போது. ஓய்வு பெற்றதும் மகன் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இங்கிருந்து பஸ் ஏறினால் உன் ஊருக்குக் கொஞ்ச நேரம்தான். ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் பட்டதும் இறங்கி நடக்கவேண்டும். நான் போவதில்லை. போய் யாரைப் பார்ப்பது? நீயும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. இதை எழுதி எந்த விலாசத்துக்குப் போடப்போகிறேன் என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லைப் பற்றி என்னோடு உட்கார்ந்து பேசியவள் நீ ஒருத்திதான். வேறு யாரிடம் சொன்னாலும், ‘ஒரு அட்டைக்கா இத்தனை கோபம்’ என்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்லாம் கைவேலை. இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஊரில் யாராவது ரிசீவரை எடுத்தால் நம் எதிரே இருக்கிற போர்டில் அவர்கள் நம்பருக்கு மேல் சின்ன மூடி ஒன்று டப்பென்று விழும். நாம் ஒயரைச் சொருகி, ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்டு, அவர்கள் சொல்லுகிற நம்பரில் இன்னொரு முனையைச் சொருகவேண்டும். வெளியூர் என்றால் டிரங்க் கால்; பதிந்துவைத்து லைன் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டும். ஆர்டினரி கால் வரிசைப்படிதான் கிடைக்கும்; கூடக் காசு கொடுத்து அர்ஜென்ட் என்று பதிந்தால் வரிசையைத் தாண்டி முன்னால் போகும். சிமெண்டுக்கு லோடு கேட்கிறவர்கள், சுண்ணாம்புக்கல் லாரி மாட்டிக்கொண்டது என்று அலறுகிறவர்கள், ஜெயங்கொண்டத்தில் முந்திரி என்ன விலை என்று விசாரிக்கிறவர்கள் என ஊரே நம் காதுக்குள் இருந்தது. ஆனால் நம் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை.

நீ வேலைக்கு வந்த அன்றைக்கே எனக்கு வயிற்றெரிச்சல். உன் குரல் அப்படி. சத்தம் போடாமல், இழுக்காமல், ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்துவைப்பதுபோல் பேசுவாய். நான் ‘நம்பர் ப்ளீஸ்’ என்றால் மறுமுனையில் இருக்கிறவர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பாராம். சூப்பர்வைசர் அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் உன்னைக் காட்டுவார். ஒரு சிமெண்ட் ஏஜென்ட் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? நாள் முழுக்க டிரங்க் கால் போடுகிறவர். ஒரு தடவை அவருக்கு நான் லைன் கொடுத்தேன். “ஏம்மா, அந்த டீசன்ட்டான பொண்ணு இல்லியா இன்னிக்கு?” என்று கேட்டார். “இருக்காங்க, டீசன்ட் இல்லாத பொண்ணு நான்தான் பேசறேன்” என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசரிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ சிரிப்பை அடக்கமுடியாமல் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாய்.

அன்றிலிருந்துதான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டோம். டீ குடிக்கப் போகும்போது, யார் யார் அதை எங்கெங்கே போடுகிறார்கள் என்று நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்வேன். நாகரிகம் என்று தமிழில் ஒரு நல்ல சொல் இருந்தும் அரியலூரில் யாரும் அதைச் சீந்தவில்லை. கஞ்சி போட்ட புடவை டீசன்ட். ஹோட்டலில் இலையை வழித்துச் சாப்பிடாமல் கொஞ்சம் மிச்சம் வைப்பது டீசன்ட். மாப்பிள்ளை வீட்டார் கேட்காமலே பெண் வீட்டார் செய்துவிட்டால் டீசன்ட்டான இடம். ஜவுளிக்கடையில் பேரம் பேசினால், “டீசன்ட்டான கலரு, அப்படித்தாம்மா இருக்கும்” என்பார் கடைக்காரர். வூடு என்று சொல்லாமல் வீடு என்று சொன்னாலே பாதி டீசன்ட் வந்துவிடும் என்று நீ கண்டுபிடித்தாய்.

“இன்னொரு இடத்துலயும் போடுவாங்கடி” என்று ஒரு நாள் சொன்னாய். “நீங்க என்ன ஆளுங்கன்னு நேராக் கேக்க முடியாதப்ப, ‘டீசன்ட்டான ஆளுங்கதானே?’ன்னு கேப்பாங்க. எல்லாத்தையும்விட அங்கதான் அதுக்கு வேலை ஜாஸ்தி.”

என் அப்பாவுக்குக் கடலைக்காடும் கிணறும் இருந்தன. ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போவேன். அரியலூரிலேயே காட்டுக் கத்தல் கத்துகிறவள் நான். என்னை ஒருத்தர்கூட அந்தக் கேள்வி கேட்டதில்லை. உன் அம்மா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். குனிந்து நிமிர்ந்து சம்பாதித்ததில் உன்னைப் படிக்கவைத்தார். உன்னை எல்லோரும் கேட்டார்கள்.

சூப்பர்வைசர் மேஜைமேல் தடியாக ஒரு ஆங்கில அகராதி கிடக்கும். அதை எடுத்து ஒரு மத்தியானம் அந்தச் சொல்லைத் தேடினோம். ஒழுங்கு, தகுதி, பார்க்கக் கண்ணியமாக இருப்பது என்று வரிசையாகப் போட்டிருந்தது. கடைசியாக இன்னொரு பொருளும் இருந்தது: மற்றவரிடம் நியாயமாக, இரக்கமாக நடந்துகொள்வது. நீ அதை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி படித்தாய். “இந்த அர்த்தம் நம்ம ஊருக்கு இன்னும் வந்து சேரலடி. லைன் கிடைக்கல போல” என்றாய். நான் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

உனக்கு அரியலூரில் ஒரு வீடு வேண்டியிருந்தது. காலை டூட்டிக்கு உன் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேரமுடியாது. பிந்தினால் மெமோ, இரண்டாவது மெமோ வந்துவிட்டது, மூன்றாவது வந்தால் வேலை நிலைக்காது என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். எத்தனை வீடு ஏறி இறங்கினோம். போனில் பேசும்போது எல்லோருக்கும் உன்னைப் பிடித்துவிடும். “எக்ஸ்சேஞ்சுப் பொண்ணா? உங்க குரல்தான் தெரியுமே, வாங்க வாங்க.” நேரே போய் நின்று, ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்டு முடித்ததும், நேற்றுத்தான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். ஒரு வீட்டு வாசலில் நான் சண்டைக்கே போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய். “நீ கத்துனா அவங்க சொல்றது சரின்னு ஆயிடும்டி” என்றாய். எனக்கு அந்தக் கணக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. பிள்ளை பம்பாயில் இருக்க, பெண்ணோடும் ஓய்வுபெற்ற கணவரோடும் இருந்த ஒரு அம்மாள். பம்பாய்க்கு டிரங்க் கால் போடும்போதெல்லாம், லைன் கிடைக்கும்வரை உன்னோடுதான் அவர் பேசிக்கொண்டிருப்பார். நீ உன் ஊரையும் தெருவையும் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாய். அவர் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, “நீ அப்படித் தெரியலையேம்மா. டீசன்ட்டா இருக்கே” என்றார். பின்கட்டில் ஒரு அறையும் சமையலுக்கு ஒரு மறைப்பும் உனக்குக் கிடைத்தன. சொந்தக்காரர் கும்பல் வரக்கூடாது, கருவாடு கூடாது, சத்தம் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் நீ தலையாட்டினாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் வேலை தப்பியது. அந்த அம்மாள் கெட்டவர் என்று என்னால் இன்றுவரை சொல்லமுடியவில்லை. தீபாவளிக்கு உனக்குத்தான் முதலில் பலகாரம் எடுத்துவைப்பார். கூடத்துக்கும் உன் அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அது கூடத்துப் பக்கம் தாழ் போட்டிருக்கும். பலகாரம் அந்தக் கதவைத் திறந்து வராது, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றித்தான் வரும்.

கும்பல் கூடாதுதான், அம்மாகூடவா வரக்கூடாது என்று உன் அம்மாவை அழைத்துவர நீ முடிவு செய்தபோது, அவர் குரல்தான் தடையாக நின்றது. சோளக்காட்டில் நின்று அவர் கூப்பிட்டால் அடுத்த காட்டில் குனிந்திருப்பவர்களும் நிமிர்வார்கள் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அந்தக் குரலை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் அவரை நடுவில் உட்காரவைத்து நாம் இரண்டு பேரும் பாடம் நடத்தினோம்.

“அந்தம்மா முன்னாடி மெதுவாப் பேசணும்மா” என்றாய்.

“மெதுவான்னா எப்புடி?”

“இப்ப நான் பேசறேன் பாரு, இப்படி.”

அவர் உன் வாயையே உற்றுப் பார்த்தார். “இது என்னாடி, திருடப் போறவ பேசற மாதிரி இருக்கு” என்றார் பிளாட்பாரத்துக்கே கேட்கும்படி. “நாம என்னத்தத் திருடிட்டோம்?”

டீ விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். நீ முகத்தை மூடிக்கொண்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனாலும் உனக்காக அவர் பழகினார். ‘நல்லாருக்கீங்களாம்மா’ என்பதைத் தணித்துத் தணித்து, கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிவதற்குள் கிட்டத்தட்டக் காற்றாக்கிவிட்டார். முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது ரொம்பவே தணித்துவிட்டார் போல. வீட்டுக்கார அம்மாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்கம்மாவுக்குத் தொண்டையில ஏதும் கோளாறா? கஷாயம் வச்சுத் தரட்டுமா?” என்று கேட்டாராம். மறுநாள் போர்டில் உட்கார்ந்து நீ அதைச் சொன்னபோது எனக்கு ஒயர் இடம் மாறி, ஒரு லாரிக்காரர் தாசில்தாரிடம் வாடகை கேட்டுவிட்டார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியிருக்கும். வீட்டுக்கார அம்மாளின் பெண்ணுக்கு இடம் கூடிவந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் நீ டூட்டியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த நிலையிலும் குரலில் ஒன்றும் தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. “டாக்டர்கிட்டப் போடி” என்றேன். “வாயுதான்டி, ஓமத்தண்ணி குடிச்சாப் போயிடும். நாளைக்கு வீட்ல நிச்சயம். முடியட்டும், போறேன்” என்றாய். அந்த நிச்சயத்துக்கும் உனக்கும் என்ன என்று கேட்டேன். நீ கொஞ்சம் தயங்கிச் சொன்னாய். சம்பந்தி வீட்டார் வருகிற நேரம், பின்கட்டில் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அந்த அம்மாளுக்கு யோசனையாம். நாளைக்கு மட்டும் முன்னால் வராமல், சத்தமில்லாமல் உள்ளேயே இருந்துகொள் என்று கேட்டுக்கொண்டாராம். அதற்காகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாய். “கையைப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாங்கடி, பாவமா இருந்துச்சு” என்றாய். வலியை ஆர்டினரி கால் மாதிரி வரிசையில் போட்டு வைத்துவிட்டாய். அர்ஜென்ட் என்று சொல்ல உனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை டூட்டியில் நான் ஒருத்திதான். நீ லீவு என்பதால் இரண்டு போர்டும் என் தலையில். அந்த வீட்டு மூடி பல தடவை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஒயரைச் சொருகும்போது நீயாக இருக்குமோ என்று நினைத்தேன். சமையல்காரர் காய்கறிக்கடையைக் கேட்டார். மாப்பிள்ளையின் மாமா திருச்சியைக் கேட்டார். பிறகு அந்த அம்மாளே பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார். பின்னால் ஸ்பீக்கர் செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. காத்திருந்த நேரத்தில், “அவ எப்படிம்மா இருக்கா?” என்று கேட்டேன். “சத்தமே இல்லம்மா, தூங்கறா போல. சொன்னா சொன்னபடி இருக்கிற பொண்ணு. டீசன்ட்டான பொண்ணு” என்றார். அதற்குள் பம்பாய் கிடைத்துவிட்டது. கொடுத்தேன்.

மாற்று ஆள் வந்ததும் ஓடிவந்தேன். சந்து வழியாக உன் அறைக்குள் வந்தபோது நீ தரையில் கிடந்தாய். சுருண்டு, கூடத்துக் கதவுப் பக்கம் தலையை வைத்து. உடம்பு கொதித்தது. வயிறு பலகையாக இருந்தது. அந்தப் பக்கம் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார் ஊற்றச் சொல்லுகிற சத்தம், குழந்தைகள் சத்தம், பாட்டுச் சத்தம். நான் கத்தினேன். எனக்கு எப்படிக் கத்த வருமோ அப்படி. ஸ்பீக்கருக்கு மேல் கேட்டது. தாழ் திறந்தது. வீட்டுக்கார அம்மாள் பட்டுப் புடவையோடு நின்று, “ஏம்மா இப்படிக் கத்தறே, சம்பந்தி வீட்டுக்காரங்கல்லாம்” என்று ஆரம்பித்தவர், உன்னைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரின் டிரைவர்தான் இலையிலிருந்து எழுந்து, எச்சில் கையைக்கூடக் கழுவாமல் வந்து உன்னைத் தூக்கினார். அவர் யார், என்ன பெயர் என்று நான் கேட்கவே இல்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே திருச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அதே காரில் போனோம். உன் தலை என் மடியில் இருந்தது. திருச்சியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். குடல்வால் வெடித்து, விஷம் வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார் டாக்டர். வெடிக்கும்போது தாங்கமுடியாத வலி வந்திருக்கும், அப்போதே கொண்டுவந்திருக்கவேண்டும் என்றார். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நீ போய்விட்டாய்.

உன் அம்மா வரும்போது உன்னை வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள். கூட உங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர். உங்கள் பக்கத்தில் சாவு என்றால் எப்படி இருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். பெண்கள் வட்டமாகத் தோள் சேர்த்து நின்று மார்பில் அடித்துக்கொண்டு, செத்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, பிறந்ததிலிருந்து நடந்ததை எல்லாம் சொல்லி அழுவார்கள்; அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து ஊருக்குச் சேதியே தெரியும். அந்தச் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். எனக்கும் அது வேண்டியிருந்தது. உன் அம்மா உன் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு நர்சுகளையும், வெள்ளைச் சட்டைக்காரர்களையும், சுத்தமாகத் துடைத்திருந்த தரையையும் பார்த்தார். என் பக்கம் திரும்பி, ஸ்டேஷன் பெஞ்சில் பழகிய அந்தக் காற்றுக் குரலில் கேட்டார்:

“இங்க அழுவலாமா தாயி?”

“அழுங்கம்மா, சத்தமா அழுங்க” என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பேச்சை நம்பவில்லை. ஊருக்குக் கொண்டுபோன பிறகு தெருவே திரண்டு அழுதது. அவர் மட்டும் உன் காலடியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எம்மவளுக்குச் சத்தம் புடிக்காது” என்று யாரிடமோ சொன்னார். சாகும்வரை அவர் அந்தத் தணிந்த குரலில்தான் பேசினார் என்று உங்கள் தெருக்காரர்கள் பின்னால் சொன்னார்கள். காட்டில் யாரையாவது கூப்பிடவேண்டும் என்றால் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவாராம்.

நான் திரும்ப டூட்டிக்குப் போனேன். வேறென்ன செய்வது. உன் நாற்காலிக்கு வேறொரு பெண் வந்தாள். அந்த வீட்டு மூடி விழும். நான் ஒயரைச் சொருகி, ‘நம்பர் ப்ளீஸ்’ என்பேன். அந்த அம்மாள் பம்பாய் லைனுக்குக் காத்திருக்கும்போது அழுவார். நிஜமாகவே அழுவார். “கடைசி வரைக்கும் ஒரு முனகல் இல்லம்மா. விசேஷ வீடாச்சேன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கா. அந்த மாதிரி டீசன்ட்டான பொண்ண நான் பாத்ததில்ல” என்பார். சிமெண்ட் ஏஜென்ட்டும் அதையே சொன்னார். சூப்பர்வைசர் சொன்னார். உன் சொந்த ஊரிலேயே அதைப் பெருமையாகச் சொன்னார்கள், நம்ம புள்ள எப்படி அடக்கமாப் போயிட்டா பாரு என்று. எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது. நீ கத்தவில்லை, அதனால் ஒருவருக்கும் கேட்கவில்லை. அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. காரில் லால்குடி தாண்டும்போது நீ கண்ணைத் திறந்தாய். தண்ணீர் கேட்பாய் என்று குனிந்தேன். “கூப்புட்டேன்டி” என்றாய். நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. தொண்டை கிழிந்தமாதிரி, கட்டிப்போய், கரகரவென்று இருந்தது. உன் குரல் ஒரு நாளும் அப்படிக் கட்டியதில்லை. “யாரைடி? யாரைக் கூப்பிட்டே?” என்று கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையா, கேட்டும் பந்தி முடியட்டும் என்று இருந்தார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கேட்டிருக்கக்கூடியவர்களில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள், மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. உன் அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சத்தம் பிடிக்காமல் போனவள் என்று உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டுதான் அவர் மிச்ச நாளை ஓட்டினார்; மகள் கூப்பிட்டு யாரும் வரவில்லை என்று சொல்லி அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. உன்னைத் தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். உன்னைப் பற்றி ஊர் வைத்திருந்த நல்ல பெயரை என்னால் மாற்றமுடியவில்லை. நான் வைத்திருப்பது உன் கட்டிப்போன தொண்டையை மட்டும்தான். நீ கத்தியிருக்கிறாய்.